அமுக்காமல் மாட்டிய பூட்டு

என் இஸ்திரி வண்டியின் பக்கவாட்டில் ஒரு ஆணி இருக்கிறது. அதில் ஒரு கறுப்புக் கயிறு தொங்குகிறது. கயிற்றில் ஒரு விசில், விசிலோடு சேர்த்து முடிச்சுப் போட்ட ஒரு சாவி. காலையில் கரியைப் பற்ற வைத்துவிட்டுப் பெட்டி சூடாகிற வரைக்கும் எனக்கு வேறு வேலை இல்லை. அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். காற்றடித்தால் சாவி விசிலில் பட்டு மெல்லச் சத்தம் வரும். விசிலை நான் ஒரு தடவைகூட ஊதியதில்லை. ஊதினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படித் திரும்பிப் பார்க்கிற மாதிரி எந்தக் காரியமும் நான் செய்து பழகவில்லை. என் வயசுக்கு ஒரே ஒரு முறைதான் சபையில் வாய் திறந்து பேசியிருக்கிறேன். என்னைப் பேச வைத்தவருடைய விசில்தான் இது. அவரை எல்லோரும் செக்ரட்டரி அம்மா என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நோட்டு வாங்கி வைத்து ஆறு மாதம் ஆகிறது. எங்கே ஆரம்பித்தாலும் குழம்பிப் போகிறது. நான் அவருக்குச் செய்தது என்ன, அவர் எனக்குச் செய்தது என்ன, இரண்டுமே எனக்குப் பிடிபடவில்லை. எழுதினாலாவது மனசு தெளியுமா என்று பார்க்கிறேன்.

எனக்கு ஊர் கர்நாடக எல்லையில், ஹனூர்ப் பக்கம் ராமாபுரம். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மேட்டூர்ப் பக்கம் மாமன் வீட்டில் இருந்து படித்ததால் தமிழ் எழுத்து கைக்கு வந்தது. கல்யாணம் ஆகி மைசூருக்கு வந்தேன். வீட்டுக்காரர் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். அவர் போன பிறகு பெட்டியை நான் எடுத்தேன். வண்டி நிற்பது பார்க் கேட்டுக்கு இடது பக்கம், புங்க மரத்தடியில். நாள் பூராவும் ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் தேய்ப்பேன், பார்க் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பார்க் பெரிதில்லை. மரமல்லி ஐந்தாறு, ஒரு குல்மொஹர், குழந்தைகளுக்கு ஒரு சறுக்குமரம், பின்கோடியில் ஒரு மூங்கில் புதர். மூங்கிலுக்குப் பின்னால் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் உட்கார்ந்தால் சாமுண்டி மலை தெரியும். ஆனால் கேட்டிலிருந்து பார்த்தால் பெஞ்சு தெரியாது. பக்கத்தில் போனால்தான் தெரியும். நான் சொல்லப்போகிற கதை முழுக்க அந்த பெஞ்சில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் பார்க்குக்குக் கேட் இருந்தது, பூட்டு கிடையாது. மத்தியானம் கரியை மூடி வைத்துவிட்டுத் சோற்றுத் தூக்குப் போசியோடு நான் உள்ளே போவேன். சுற்று வட்டாரத்தில் எங்கே வீடு கட்டினாலும் அங்கே வேலை செய்கிற சித்தாள் பெண்கள் நாலைந்து பேர் அதே நேரத்துக்கு வருவார்கள். பெரும்பாலும் ஹனூர், கொள்ளேகால் பக்கத்துப் பிள்ளைகள். பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு. "ஏனக்கா, இன்னைக்கு என்ன கொழம்பு? வாசமே ஆள இழுக்குது" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். இன்னொருத்தி, "அவ வாசத்த மட்டும் இழுக்க மாட்டா, போசியவே இழுப்பா, பாத்துக்க" என்பாள். சாப்பிட்டுவிட்டு மூங்கில் நிழலில் ஒரு கண் அசந்தால் உடம்பு வலி பாதி போய்விடும். வேறு யாரிடமும் வாய் கொடுக்காத நான் அவர்களோடு மட்டும் சிரித்துப் பேசியிருக்கிறேன்.

செக்ரட்டரி அம்மா இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். வீட்டில் பேசுகிற தமிழ் ஒரு மாதிரி, வெளியே கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். பருத்திப் புடவை கட்டி, காலில் கேன்வாஸ் ஷூ போட்டு, கையில் ஆண்பிள்ளைகள் பிடிக்கிற நீளக் கறுப்புக் குடையோடு விடியற்காலையில் வருவார். கழுத்தில் விசில். யாராவது பூப் பறித்தால் விசில். மரத்தில் பெயர் செதுக்கினால் விசில். தூரத்தில் ஸ்கூட்டரில் போகிறவன் காகிதத்தை எறிந்தால்கூட விசில். பார்க்குக்குள் போன் கொண்டு வருவது அவருக்குப் பிடிக்காது. தன்னுடையதையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார். "மரத்துக்கிட்ட பேசறவளுக்கு போன் எதுக்கு?" என்று கேட்பார். காலையில் நடக்க வருகிற பெரியவர்கள் அவரைப் பார்த்தால் நடையை வேகமாக்குவார்கள். நானும் பயப்படுவேன். ஆனால் புடவையை மடிப்பது எப்படி என்று என்னிடம் ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. "உன் தொழில் உனக்குத் தெரியும்" என்று மூட்டையை வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

மெயின் ரோட்டில் பெரிய கடைகள் வந்தபோது, பார்க்கில் பாதியை எடுத்துக் கார் நிறுத்துகிற இடமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பேச்சாக இருந்தது ஒரு நாள் சுண்ணாம்புக் கோடாக வந்து விழுந்தது. மூங்கிலும் பெஞ்சும் கோட்டுக்கு அந்தப் பக்கம். அன்றைக்கு செக்ரட்டரி அம்மா விசில் ஊதவில்லை. கோட்டின் மேலேயே நடந்து கோடி வரை போனார், திரும்பி வந்தார். மறுநாள் கமிட்டி ஆரம்பித்தாயிற்று. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். எங்கள் வண்டிக்கும் வந்து, "ஏம்மா, நீயும் போடு" என்றார். எனக்குக் கன்னடம் எழுத வராது, தமிழில்தான் வரும் என்று கூச்சப்பட்டேன். "மரத்துக்கு எந்த பாஷைன்னு யாரு கேக்கப் போறா? போடு" என்றார். இஸ்திரி போட வந்த துணிகளுக்கு நடுவில் மேஜையில் வைத்தே போட்டேன். துணியில் பெயிண்டால் எழுதிய பேனரும் என்னிடம்தான் வந்தது. பெயிண்டு மேல் பெட்டி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். புரட்டிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து, ஈரத் துணி விரித்து, மெல்லத் தேய்த்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "பார்க் எல்லாரோடதும்னு எழுதியிருக்கு" என்றார். அந்த வாசகத்தைத் திருப்பிப் போட்ட எழுத்தாகத்தான் முதலில் பார்த்தேன்.

பெரிய ஆபீசில் விசாரணை வைத்தார்கள். செக்ரட்டரி அம்மா என்னையும் வரச் சொன்னார். ஓரமாக நின்றால் போதும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். உள்ளே போனால் ஏசி, நீள மேஜை, கடைக்காரர்கள் தரப்பில் கோட்டுப் போட்டவர்கள். அவர்களில் ஒருவர், மத்தியானத்தில் அந்த பார்க் வெறிச்சென்று கிடக்கிறது, ஈ காக்கை இல்லை, வீணாகத்தானே போகிறது என்றார். செக்ரட்டரி அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "சொல்லு" என்றார். நான் தமிழில்தான் சொன்னேன். "மத்தியானம் நாங்க இருக்கறமுங்க. நாலஞ்சு பொம்பளைங்க. அங்கதான் உக்காந்து சோறு திங்கறோம். வேற எடம் இல்லீங்க." அவ்வளவுதான். அவர் அதைக் கன்னடத்தில் திருப்பிச் சொன்னார். நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆபீசர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார். பெட்டி பிடித்துக் காய்ப்புக் காய்த்த கை. புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டேன். சில மாதம் கழித்து பார்க்கைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. மைசூர்பாகு கொடுத்தார்கள். எனக்கு இரண்டு துண்டு.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்கவே இல்லை. பார்க் நம்முடையது என்று ஆன பிறகு அதை ஒழுங்காக வைக்க வேண்டும் என்று கமிட்டியில் பேசினார்கள். குடிகாரர்கள் வருவார்கள், காலேஜ் பையனும் பெண்ணும் வந்து உட்காருவார்கள், திருடு போகும், மற்ற பார்க்குகளில் எல்லாம் பகலில் பூட்டித்தான் வைக்கிறார்கள். ஆகையால் காலை பத்து மணிக்கு மூடி சாயங்காலம் நாலு மணிக்குத் திறப்பது என்று முடிவு. போர்டு எழுதி வைத்தார்கள். கையெழுத்துப் போட்டது செக்ரட்டரி அம்மா. அக்ரஹாரத்துக் கடையில் அவரே பூட்டு வாங்கி வந்தார். அமுக்கினால் பூட்டிக்கொள்கிற பூட்டு. காகிதத்தைப் பிரித்து ஒரு சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "நீதான் கேட்டுக்கிட்டயே நிக்கறே. உன்னைத் தவிர யாரை நம்பறது? பத்துக்கு அமுக்கு, நாலுக்குத் திற." எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று அப்போது கேட்க வாய் வரவில்லை. என் கையால் பூட்டிவிட்டு நானே வெளியில் நின்று சாப்பிட்டேன். ஆபீசில் நான் சொன்னது அவருக்கு மறந்துவிட்டதா, அல்லது அது ஆபீசுக்காகச் சொல்ல வேண்டிய பேச்சு என்று நினைத்தாரா, தெரியாது. சித்தாள் பெண்கள் போர்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி, "ஓகோ, அக்கா கையில சாவி வந்திருச்சு, இனி நம்ம மூஞ்சி தெரியுமா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு அவர்கள் வரவில்லை என்று நினைத்தேன்.

மாசி முடிந்து வெயில் ஏறிய ஒரு நாள். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பிள்ளைத்தாச்சிச் சித்தாள் ஒருத்தி உள்ளே குழாயடியில் முகம் கழுவிவிட்டு மரமல்லிக்கடியில் உட்கார்ந்திருந்தாள். செக்ரட்டரி அம்மா விசில் ஊதினார். அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை ஊதினார். பிறகு கேட்டுப் பக்கம் வந்து என்னிடம், நடக்க வந்தவர்கள் எல்லோரும் கேட்கிற மாதிரி, "உங்க ஊர்க்காராதானே, நீயே சொல்லு. ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்" என்றார். நான் போய், "எந்திரி கண்ணு, பூட்டோணும்" என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். திரும்பி வந்து ஒரு சட்டையைக் கருக்கினேன். அத்தனை வருஷத்தில் நான் கருக்கிய துணிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பத்து ஆனது. செக்ரட்டரி அம்மா வெளியே போனாரா என்று நான் கவனிக்கவில்லை. போய் கேட்டைச் சாத்தினேன், பூட்டை மாட்டினேன், அமுக்கினேன். பூட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் உள்ளே பார்ப்பது வழக்கம். அன்றைக்கும் பார்த்தேன். மூங்கிலின் ஓரத்தில் கறுப்பாக ஒரு முனை தெரிந்தது. குடையின் முனையா, மூங்கில் நிழலா? இதுதான் கேள்வி. இத்தனை வருஷமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கண்ணை மூடினால் சில நாள் குடையாகத் தெரிகிறது, சில நாள் நிழலாகத் தெரிகிறது. குடை என்று தெரிந்தே அமுக்கினேனா? ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான் என்று என் கை நினைத்ததா? அல்லது உண்மையிலேயே ஒன்றும் பார்க்கவில்லையா?

பன்னிரண்டரை இருக்கும், செக்ரட்டரி அம்மா வீட்டில் வேலை செய்கிற பெண் செருப்பு இல்லாமல் ஓடி வந்தாள். அம்மா இன்னும் வரவில்லை, சுகர் மாத்திரை போட்டுக்கொள்ளவில்லை, இங்கே பார்த்தீர்களா என்று கன்னடத்தில் கேட்டாள். "தெரியலையேம்மா" என்றேன். அவள் பாங்கு பக்கம் தேடப் போய்விட்டாள். நான் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். சாவி இடுப்பில்தான் இருந்தது. திரும்பி நாலு எட்டு வைத்தால் கேட். போயிருக்கலாம். ஆனால் போய்த் திறந்து அவர் உள்ளே இருந்தால், அவரை வைத்துப் பூட்டியவள் நான் என்று ஆகும். ஊரே கூடும். திறந்து அவர் இல்லாமல் இருந்தால் நல்லதுதானே, அதையாவது பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உள்ளே இருந்தால் விசில் ஊதுவாரே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஊருக்கே கேட்கிற விசில் அது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். விசில் வரவில்லை. இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். வெயிலில் மூங்கில் அசையாமல் நின்றது. மூன்றாம் தரம் திரும்பாமல் இருப்பதற்காகச் சலவைத் துணிகளை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பினேன். வீடு வீடாக ஏறி இறங்கும்போதெல்லாம் எழுபது தாண்டிய உயிர், சுகர் உடம்பு என்றே ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் எனக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படியும் சொல்லிவிட முடியவில்லை. பயம் வந்தால் நடக்காததும் நடந்த மாதிரி ஓடும்.

நாலு மணிக்குச் சாவியைப் போட்டேன். கேட்டைத் தள்ளுவதற்குள் மூங்கிலுக்குப் பின்னாலிருந்து அவர் நடந்து வந்தார். அதே கேன்வாஸ் ஷூ, அதே குடை. கூந்தலில் இரண்டு மூங்கில் சருகு. கன்னத்தில் ஏதோ துணியின் வரி பதிந்திருந்தது, தூங்கி எழுந்தவர் மாதிரி. என் முன்னால் நின்று, "நாலாயிடுத்தா?" என்றார். "ஆயிருச்சுங்கம்மா." என் கையிலிருந்த பூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நாளைக்குத் துணி அனுப்பறேன்" என்று போய்விட்டார். வீட்டில் என்ன சொன்னாரோ, சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்ததாக அந்த வேலைக்காரப் பெண் எனக்கு வந்து சொன்னாள்.

மறுநாள் மூட்டையில் அந்தப் புடவையும் வந்தது. துவைத்துக் காயப்போட்டது. விரித்தேன். முந்தானை ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை. குழம்புக் கறை, தெரிந்த கறை. புளியும் மஞ்சளும் தூக்கலாகப் போட்டு எங்கள் பக்கத்தில் வைக்கிற குழம்பு. அவர் வீட்டில் வெங்காயம்கூட வெள்ளி, சனியில் சேர்க்க மாட்டார்கள். கறை மேல் சூடு பட்டால் அது அப்படியே நின்றுவிடும், பிறகு எந்தச் சோப்புக்கும் போகாது. அதைச் சுற்றி ஓட்டி ஓட்டித் தேய்த்தேன். ஒரு உள்ளங்கை அளவு இடம் மட்டும் சுருக்கமாகவே இருந்தது. அப்படியே மடித்துக் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்தாரா என்று தெரியாது. அந்தப் புடவை திரும்ப என்னிடம் வரவில்லை.

நாலு நாள் கழித்துச் சித்தாள் பெண்கள் வழியில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்கள். அவர்கள் வராமல் இல்லையாம். பின்பக்கச் சாக்கடை ஓரத்தில் சுவர் இடிந்த இடத்தில் ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டு ஏறிக் குதித்து, எனக்குத் தெரியாமல் தினமும் உள்ளேதான் சாப்பிட்டார்களாம். "உனக்குத் தெரிஞ்சா நீ சங்கடப்படுவியேன்னுதான் சொல்லலை" என்றாள் மூத்தவள். அன்றைக்கு ஏறிக் குதித்தால் பெஞ்சில் குடைக்கார அம்மா! "எங்களுக்கு உசுரே போயிருச்சுக்கா. ஊதப் போறாங்கன்னு காதப் பொத்திக்கிட்டேன். அவங்க விசிலக் கையில எடுத்தாங்க, பாத்தாங்க, உட்டுட்டாங்க." களியும் குழம்பும் கொடுத்தார்களாம். அவர் சாப்பிட்டார் என்று ஒருத்தி சொன்னாள். இல்லை, மோர் மட்டும்தான் குடித்தார் என்று இன்னொருத்தி அடித்துச் சொன்னாள். இரண்டு பேரும் அதற்கே சண்டை போட்டார்கள். முந்தானைக் கறையை நான் பார்த்தேன் என்று சொல்லவில்லை. காலையில் நான் எழுப்பிவிட்ட பிள்ளைத்தாச்சியும் அவர்களோடு இருந்தாளாம், வேறு எங்கும் நிழல் இல்லாமல். அவளைச் சுவர் ஏற்றிவிட மூன்று பேர் வேண்டியிருந்தது. அந்தப் பெண் தன் தலைத்துண்டைச் சுருட்டி அவருக்குத் தலைக்குக் கொடுத்தாளாம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் தூங்கினார்களாம். கிளம்பும்போது, சுவர் ஏற்றி வெளியே கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டதற்கு அவர், "வேண்டாம், நாலு மணிக்குத் திறப்பா" என்றாராம்.

திறப்பாள் என்று சொன்னார். பூட்டினாள் என்று சொல்லவில்லை. அல்லது அவர் சொன்னதை இவர்கள் எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிலேயே நடந்தது. மத்தியானமும் கேட்டைத் திறந்து வைக்க வேண்டும் என்று செக்ரட்டரி அம்மா எழுந்து சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ரூல் போட்டதே நீங்கள்தானே மேடம் என்றார் ஒருவர். என்ன காரணம், புகார் ஏதாவது வந்ததா என்று கேட்டார்கள். அவர் ஒரு காரணமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் மாட்டியிருப்பேன். என்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடினாரா, தன் ரூலில் தானே மாட்டிக்கொண்டதைச் சொல்ல வெட்கமா? கை தூக்கச் சொன்னார்கள். அவரோடு சேர்த்து மூன்று கை. தோற்றுப் போனார். நான் வண்டியருகே நின்று பார்த்தேன். எனக்குக் கமிட்டியில் கை கிடையாது. இருந்தாலும் தூக்கியிருப்பேனா என்று தெரியாது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் பூட்டப் போனபோது கேட்டருகே அவர் நின்றார். பூட்டை மாட்டினேன். அமுக்கப் போன என் கை மேல் குடைப் பிடியை வைத்தார். "மாட்டு. அமுக்காதே." நான் விழித்தேன். "ரூல்ல பூட்டு மாட்டணும்னுதானே இருக்கு. மாட்டியாச்சு. தூரத்துலேர்ந்து பாக்கறவாளுக்கு பூட்டு தெரியறது. போதும்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். விசில் போட்டே வாழ்ந்த ஒரு பெண்பிள்ளை ரூலை ஏமாற்றச் சொல்லிக்கொடுத்தது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றிலிருந்து பூட்டு மாட்டியபடி இருக்கும், அமுங்கியிருக்காது. பெண்கள் வந்து கழற்றி, உள்ளே போய், கையை விட்டு மறுபடி மாட்டிவிடுவார்கள். நானும் போசியோடு போவேன். ஆனால் பூட்டு மாட்டுவதற்கு முன்னால் மூங்கில் வரை நடந்து போய் பெஞ்சைப் பார்க்காமல் ஒரு நாளும் மாட்டியதில்லை. அவர் அதைக் கவனித்திருப்பார். "யாரும் இல்லே, வா" என்று ஒரு தரம் சொன்னார். அந்த இடத்தில் அவர் எத்தனையோ சொல்லியிருக்கலாம். நானும்தான். "அம்மா, அன்னைக்கு நான்..." என்று எத்தனையோ நாள் ஆரம்பித்தேன். "என் ஜாக்கெட்டுக்குக் கஞ்சி கம்மியா போடு" என்பார். பேச்சை வெட்டினாரா, ஜாக்கெட்தான் உறுத்தியதா?

போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். பெங்களூரிலிருந்து மகள் வந்திருந்தாள். காரியம் எல்லாம் முடிந்த பிறகு வண்டிக்கு வந்து, "இஸ்திரி அம்மாக்குக் கொடுக்கணும்னு அம்மா ஒரு கவர்ல போட்டு எழுதி வெச்சிருந்தா" என்று இந்தக் கறுப்புக் கயிற்றைக் கொடுத்தாள். "விசில் சரி. இந்தச் சாவி எங்க ஆத்துல எதுக்குமே சேரலை. உங்களுக்குத் தெரியுமா?" எனக்கும் தெரியவில்லை. பிறகு என்னவோ தோன்றி கேட்டுப் பூட்டை அமுக்கிவிட்டு அந்தச் சாவியைப் போட்டேன். வழுக்கிக்கொண்டு போய்த் திறந்தது. பூட்டு வாங்கினால் இரண்டு சாவி வரும் என்பது எனக்குத் தெரியாதா? என் வீட்டுப் பூட்டுக்கே மூன்று இருந்தது. இத்தனை வருஷத்தில் இன்னொன்று எங்கே என்று ஒரு நாளாவது நினைத்தேனா? விசிலும் சாவியும் ஒரே முடிச்சில், புடவைக்குள் கழுத்தோரமாகத் தொங்கியிருக்கிறது. அப்படியானால் அன்றைக்கு அந்த ஆறு மணி நேரமும் அவர் கழுத்திலேயே சாவி இருந்ததா? எழுந்து வந்து, கம்பி வழியாகக் கையை விட்டுத் திறந்துகொண்டு போயிருக்கலாமே. பெண்கள் வருவதற்கு முன்னால் இரண்டரை மணி நேரம் தனியாக அந்த வெயிலில் எதற்காக உட்கார்ந்திருந்தார்? நான் வந்து திறப்பேனா என்று பார்த்தாரா? அல்லது சாவியை அதற்குப் பிறகுதான், இன்னொரு தரம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று கோத்தாரா? முடிச்சு பழையதாக இருக்கிறது. எவ்வளவு பழையது என்று முடிச்சு சொல்லாது. இதை எனக்கு ஏன் அனுப்பினார்? மன்னித்தேன் என்றா, எனக்குத் தெரியும் என்றா, வெறுமனே கேட்டுச் சாவி கேட்டுக்காரியிடம் போகட்டும் என்றா?

இப்போது வேறு செக்ரட்டரி. ரிடையர் ஆன இன்ஜினியர், நல்ல மனுஷர், மரங்களுக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கிறார். போன வாரம் பூட்டு வெறுமனே தொங்குவதைக் கண்டுபிடித்துவிட்டார். "என்னம்மா இது, அஜாக்கிரதையா இருக்கீங்க? திங்கக்கிழமைலேர்ந்து சரியா அமுக்குங்க. இல்லேன்னா சாவியைக் கொடுத்துடுங்க, செக்யூரிட்டி போட்டுக்கறோம்" என்று கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார். சரிங்க என்று தலையாட்டினேன். எனக்கு வேறு என்ன தெரியும்? அவர் சொல்வதும் தப்பில்லை. இத்தனை பாடுபட்டு மீட்ட பார்க். ஆனால் எந்தப் பேச்சைச் சொல்லி மீட்டார்கள்? அந்தப் பேனரைத் தேய்த்தவள் நான்.

இன்றைக்குத் திங்கட்கிழமை. பத்து மணிக்கு ஆணியிலிருந்து கறுப்புக் கயிற்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன், முதல் தடவையாக. விசில் சில்லென்று நெஞ்சில் பட்டது. கேட்டைச் சாத்தி உள்ளே வந்து, கம்பி வழியாகக் கையை நீட்டிப் பூட்டை மாட்டினேன். அமுக்கவில்லை. வழக்கம்போல மூங்கில் வரை நடந்தேன். பெஞ்சில் யாரும் இல்லை. உட்கார்ந்தேன். மலை தெரிந்தது. இப்போது அந்த இன்ஜினியர் சார் வந்து, உள்ளே யாரும் இல்லை என்று நினைத்துப் பூட்டை அமுக்கிவிட்டுப் போனால்? என்னிடம் சாவி இருக்கிறது, விசில் இருக்கிறது. எழுந்து போய்த் திறப்பேனா, ஊதுவேனா, நாலு மணி வரை சும்மா இருப்பேனா? அவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும் என்று நினைத்தேன். தெரியவில்லை. பன்னிரண்டரை வாக்கில் கேட் கீச்சென்றது. வருவது சித்தாள் பெண்களா, சாரா என்று மூங்கிலுக்குப் பின்னாலிருந்து தெரியாது. கை விசில் மேல் போனது. எடுத்தேன், பார்த்தேன், விட்டுவிட்டேன். பெஞ்சின் ஒரு ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்துகொண்டேன்.